2020: சீரியல்கள் நின்றுபோன வருஷம் – விவாத இழை

#1 மலைக்கோட்டை (திருச்சி)

வருஷத்துக்கு ஒன்றாக எடுத்துப் பேசி வருகிறோம் இல்லையா, இந்த முறை 2020. கொரோனா வருஷம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம்தான். ஆனால் அந்தப் பன்னிரண்டு மாதத்தில் இந்தியத் தொலைக்காட்சியில் நடந்ததை ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன், மலைப்பாக இருந்தது.

ஜனவரி முதல் தேதியே தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கேபிள், டிடிஎச்சுக்குப் புதிய கட்டண விதிகளை வெளியிட்டது. அதே மாதம் 27-ஆம் தேதி ராதிகா ‘சித்தி 2’ மூலம் சன் டிவிக்குத் திரும்பினார். பிப்ரவரி கடைசியில் ‘குக்கு வித் கோமாளி’ முதல் சீசன் முடிந்தது. சமையல் நிகழ்ச்சியைக் குடும்பமே உட்கார்ந்து சிரித்துப் பார்க்க முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது. வருஷம் நன்றாகத்தான் தொடங்கியிருந்தது.

அப்புறம் மார்ச் 19. திரைத் தொழிலாளர் சம்மேளனமான பெப்சியின் அறிவிப்போடு எல்லாப் படப்பிடிப்பும் நின்றது. 25-ஆம் தேதி முதல் நாடு முழுக்க ஊரடங்கு. 28-ஆம் தேதி தூர்தர்ஷனில் ராமானந்த் சாகரின் ‘ராமாயண்’ மறுபடி வந்தது. ஜூலை பிற்பாதி வரைக்கும் நம் சேனல்களில் சீரியலுக்குப் புது எபிசோடே கிடையாது. அக்டோபரில் டிஆர்பி (எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்ற ரேட்டிங் கணக்கு) விவகாரம், நவம்பரில் ஓடிடி தளங்கள் தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் கீழ் வந்தது, டிசம்பரில் நடிகை சித்ராவின் மரணம்.

இத்தனையிலும் பெரியது மார்ச் 19 என்பது என் கட்சி. தினசரி சீரியல் என்ற ஒன்று தமிழில் வேர்விட்ட நாளிலிருந்து இத்தனை நீளமாக அது நின்றதே இல்லை. நின்றபோதுதான் அது எப்படி ஓடிக்கொண்டிருந்தது என்பதே நமக்குத் தெரிந்தது. மறுப்பவர்கள் வாருங்கள்.


#2 வாசல்திண்ணை (மதுரை)

அண்ணா, எங்கள் வீட்டில் அது நின்றதை நான் மாத்திரை டப்பாவை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

என் மாமியாருக்கு அப்போது 71 வயது. சர்க்கரை, இரத்த அழுத்தம் இரண்டும் உண்டு. கடிகாரம் பார்க்க மாட்டார். மத்தியான சீரியல் முடிந்தால் ஒரு மாத்திரை, ராத்திரி ‘ரோஜா’ தொடங்கும் முன்னால் சாப்பாடு, அது முடிந்தால் இன்னொரு மாத்திரை என்று அவருக்கு ஒரு கணக்கு. ஏப்ரல் முதல் வாரத்துக்குப் பிறகு பார்த்தால் டப்பாவில் மாத்திரை மிச்சம் இருக்கிறது. “ஏன் அத்தை போடலை?” என்று கேட்டேன். “நாடகமே போடலையேம்மா” என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சமயத்தில் எங்கள் வீட்டில் யாருக்குமே நாள், கிழமை, நேரம் எதுவும் பிடிபடவில்லை. அவருக்கு மட்டும் அதை ஒரு வார்த்தையில் சொல்ல முடிந்தது.

அப்புறம் மத்தியானத்தில் ‘மெட்டி ஒலி’யை மறுபடி போட்டார்கள். மாத்திரையும் ஒழுங்குக்கு வந்தது. 2002-இல் அது முதன்முதலாக வந்தபோது என் மகள் பிறக்கவே இல்லை. பள்ளிக்கூடம் இல்லாததால் பாட்டியோடு உட்கார்ந்து முழுதாகப் பார்த்தாள். ஐந்து பெண்களைப் பெற்ற அந்த அப்பா சம்பந்தி வீட்டு வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார் இல்லையா, அந்த மாதிரி ஒரு காட்சியில் அவள் எழுந்து நின்றுவிட்டாள். “அந்தத் தாத்தா ஏன் பாட்டி திட்டு வாங்கிட்டு நிக்கிறாரு? கிளம்பிப் போக வேண்டியதுதானே?” என்றாள். அத்தை பதிலே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “எங்கப்பாவும் அப்படித்தான் நின்னாரு” என்றார். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அத்தையின் அப்பாவைப் பற்றி நான் கேட்ட முதல் செய்தி அது.

அதனால் 2020-இல் பெரிய விஷயம் எது என்று கேட்டால், எனக்கு அந்த மறுஒளிபரப்புதான்.


#3 எடிட்மேசை (சாலிகிராமம்)

வாசல்திண்ணை அக்கா எழுதியதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். நான் அப்போது ஒரு தினசரி சீரியலில் உதவி எடிட்டர். எந்தச் சீரியல், எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை.

புது எபிசோடு ஏன் உடனே தீர்ந்துபோனது என்று அப்போது நிறைய பேர் கேட்டார்கள். எடுத்து முடித்து, எடிட் செய்து, டப்பிங், பின்னணி இசை எல்லாம் சேர்த்து ஒளிபரப்புக்குத் தயாராகக் கையில் வைத்திருப்பதை ‘பேங்க்’ என்போம். நல்ல யூனிட்டில் பதினைந்து எபிசோடு இருக்கும். எங்களிடம் மார்ச் 19 அன்று இருந்தது எட்டு. சில யூனிட்டில் இரண்டு, மூன்றுதான். இன்று மாலை வர வேண்டிய எபிசோடை இன்று விடியற்காலை நாலு மணிக்கு முடித்து, ஹார்டு டிஸ்க்கைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் சேனல் அலுவலகத்துக்கு ஓடிய நாட்கள் எனக்கு நிறைய.

இதைச் சோம்பேறித்தனம் என்று நினைக்காதீர்கள். வியாழக்கிழமை ரேட்டிங் வரும். நம்பர் இறங்கினால் கதையை மாற்று என்று சேனலிலிருந்து போன் வரும். முப்பது எபிசோடு எடுத்து வைத்திருந்தால் எப்படி மாற்றுவது? பேங்க் குறைவாக இருப்பதுதான் எல்லோருக்கும் வசதி. தயாரிப்பாளருக்கும் அதில் பணம் முடங்காது. ஆக, எங்கள் தொழிலே அன்றாடம் காய்ச்சியாக ஓடிக்கொண்டிருந்தது. மார்ச் 19-க்கு அப்புறம் இரண்டு வாரத்தில் பானை காலி.

ஆட்களும் அப்படித்தான். லைட்மேன், மேக்கப், காஸ்ட்யூம், புரொடக்‌ஷன் ஆட்கள் எல்லோருக்கும் அன்றன்றைக்குக் கூலியும் பேட்டாவும். ஷூட்டிங் இல்லையென்றால் பூஜ்யம். மாதச் சம்பளம் என்று பேசியிருந்த எனக்கே ஏப்ரலில் பாதி வந்தது, மே மாதம் ஒன்றும் வரவில்லை. பெப்சி மூலமாக அரிசி மூட்டையும் மளிகையும் வந்ததை வாங்கினேன். அதில் எனக்கு வெட்கமில்லை.


#4 எண்சுவடி (சென்னை)

எல்லோரும் மனசைத் தொடுகிற மாதிரி எழுதுகிறீர்கள். ஆனாலும் நான் மறுத்துப் பேச வேண்டியிருக்கிறது. விளம்பர ஏஜென்சியில் மீடியா பிளானிங் பார்த்தவன் நான். மார்ச் 19 ஒரு விபத்து. விபத்து முடிந்ததும் வண்டி அதே ரோட்டில் ஓடியது. அந்த வருஷத்தில் வண்டியின் எஞ்சினையே திறந்து காட்டிய நாள் அக்டோபர் 8.

அன்றைக்கு மும்பை போலீஸ் கமிஷனர் செய்தியாளர்களைக் கூட்டி, ரேட்டிங் கணக்கெடுக்க மீட்டர் வைத்த வீடுகளுக்குப் பணம் கொடுத்துக் குறிப்பிட்ட சேனல்களை ஓடவிடச் சொன்னதாகக் குற்றம் சாட்டினார். மாதம் நானூறு, ஐந்நூறு ரூபாய் என்று சொன்னார்கள். சேனல்கள் மறுத்தன. வழக்கு நீண்டது, கடைசியில் 2024-இல் அரசுத் தரப்பே அதைத் திரும்பப் பெற்றது. அதனால் யார் குற்றவாளி என்று நான் பேச வரவில்லை. அந்தத் தொகையைக் கவனியுங்கள் என்கிறேன். நானூறு ரூபாய்க்கு அசைத்துவிடலாம் என்று ஒருத்தர் நம்பும் அளவுக்கு அந்த அளவுகோல் மெல்லிசாக இருந்தது.

ரேட்டிங்கைக் கணக்கிடும் ‘பார்க்’ (BARC) அமைப்பு அப்போது நாடு முழுக்கச் சுமார் 44,000 வீடுகளில் மீட்டர் வைத்திருந்தது. டிவி உள்ள வீடுகளோ சுமார் 20 கோடி. வகுத்துப் பாருங்கள், ஒரு மீட்டர் வீடு கிட்டத்தட்ட 4,500 வீட்டுக்காகப் பேசுகிறது. பொழுதுபோக்குச் சேனலுக்குப் பார்வையாளர்கள் கோடிக்கணக்கில் இருப்பதால் நாலு வீடு தப்பாகப் போனாலும் பெரிதாகத் தெரியாது. ஆங்கிலச் செய்தி மாதிரி மிகச் சிலர் பார்க்கும் சேனலில் பத்து வீடு இருந்தால் போதும், முதலிடத்தையே மாற்றிவிடலாம்.

அக்டோபர் 15-இல் செய்திச் சேனல்களுக்கான வாராந்திர ரேட்டிங்கை நிறுத்தினார்கள். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் என்றார்கள். திரும்பி வந்தது 2022 மார்ச்சில். பதினேழு மாதம் நம்பரே இல்லாமல் செய்திச் சேனல்கள் ஓடின, விளம்பரமும் வந்தது! அப்படியென்றால் அதுவரைக்கும் அந்த நம்பருக்காக ராத்திரி ஒன்பது மணிக்கு எட்டுப் பேரைப் பெட்டி பெட்டியாக வைத்துக் கத்தவிட்டது எதற்காக? அந்தக் கேள்விக்கு எனக்கு இன்னும் விடை கிடைக்கவில்லை.

எடிட்மேசை, உங்களுக்கு வியாழக்கிழமை வந்த போனும் இதே மீட்டரிலிருந்து வந்ததுதான்.


#5 கேபிள்கம்பம் (பெருந்துறை)

நான் கேபிள் ஆபரேட்டர். எங்கள் கதையையும் கேளுங்கள்.

ஊரடங்கில் ஒளிபரப்பும் கேபிளும் அத்தியாவசிய சேவை என்று மத்திய அரசின் உத்தரவிலேயே இருந்தது. அதனால் நாங்கள் வெளியே போகலாம். போகலாம் என்பதைவிட, போயே ஆக வேண்டும். எல்லோரும் வீட்டில் இருக்கிறார்கள், படம் தெரியாவிட்டால் பத்து நிமிஷத்தில் நாற்பது போன் வரும். அணில் கடித்த வயரை ஒட்டவைக்க, பாஸை வண்டியில் ஒட்டிக்கொண்டு முகக்கவசத்தோடு கம்பம் ஏறியிருக்கிறேன். வேலை இரட்டிப்பு, வசூல் பாதி. வீடு வீடாகப் போய்க் காசு கேட்கிற தொழில் எங்களுடையது. தறி ஓடாத வீட்டில், கம்பெனி மூடிய வீட்டில் போய் எப்படிக் கேட்பது? மூன்று மாதம் விட்டுப் பிடித்தேன். எனக்குச் சிக்னல் கொடுக்கிற கம்பெனிக்குக் கட்ட வேண்டியதை நான் கட்டியாக வேண்டும், அதில் தள்ளுபடி இல்லை.

திரியைத் தொடங்கியவர் ஜனவரி விதியை ஒரு வரியில் தாண்டிவிட்டார். 2019-இல் டிராய் கொண்டுவந்த முறையில் நூறு சேனலுக்கு 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு. அதற்கு மேல் கட்டணச் சேனல்கள் தனி. 2020 ஜனவரி விதியில் அதே 130-க்கு இருநூறு சேனல் தர வேண்டும் என்றார்கள். வீட்டில் இரண்டாவது டிவி இருந்தால் அதற்கு 40 சதவீதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. பல சேனலை மொத்தமாக விற்கிற பேக்கில் சேர்க்கிற சேனலின் விலை 19 ரூபாயிலிருந்து 12-க்கு இறங்க வேண்டும். சேனல்காரர்கள் உடனே மும்பை உயர் நீதிமன்றம் போய்விட்டார்கள். அவர்கள் கேட்ட விலை அப்படியே நின்றது, எங்களுக்கு வரும் பங்குதான் குறைந்தது. மக்கள் கோபமெல்லாம் வாசலில் நிற்கிற என் மேல்.

இன்னொன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் சிப்காட் தொழிற்பேட்டையில் வடமாநிலத் தொழிலாளர்கள் அதிகம். ஏப்ரலில் ரயில் இல்லை, வேலையில்லை, ஒரு ஷெட்டில் முப்பது பேர். அங்கே ஒரு டிவி, பாக்ஸ் ரிப்பேர். மேஸ்திரி வந்து கெஞ்சினார். போய்ச் சரிசெய்து, “என்ன வேணும்?” என்றேன். “டிடி, டிடி” என்கிறார்கள். ராத்திரி ஒன்பது ஆகப்போகிறது. அந்தச் சேனல் எந்த நம்பரில் இருக்கிறது என்று எனக்கே மறந்துவிட்டது, தேடித்தான் வைத்தேன். ‘ராமாயண்’ தொடங்கியதும் பேச்சு நின்றது. ஒரு பையன், இருபது வயதுகூட இருக்காது, செருப்பைக் கழற்றி வெளியே வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தான். நான் ரிமோட்டைக் கொடுத்துவிட்டுக் காசு வாங்காமல் வந்துவிட்டேன்.


#6 மலைக்கோட்டை

கேபிள்கம்பம் அண்ணே, அந்த விதியை ஒரு வரியில் தாண்டியது என் தவறு, ஒத்துக்கொள்கிறேன்.

‘ராமாயண்’ பற்றிக் கொஞ்சம் பேசலாம். முதலில் வந்தது 1987 ஜனவரி 25 முதல் 1988 ஜூலை 31 வரை, ஞாயிற்றுக்கிழமை காலையில். அதே படச்சுருளை 33 வருஷம் கழித்துக் காலை ஒன்பதுக்கும் ராத்திரி ஒன்பதுக்கும் தினமும் போட்டார்கள். டிடி பாரதியில் பி.ஆர். சோப்ராவின் ‘மகாபாரத்’. அப்புறம் ‘சக்திமான்’, ‘சாணக்யா’, ‘புனியாத்’, ‘பியோம்கேஷ் பக்‌ஷி’ என்று பரணில் இருந்ததையெல்லாம் இறக்கினார்கள். அந்த வாரங்களில் இந்தியாவிலேயே அதிகம் பார்க்கப்பட்ட சேனல் தூர்தர்ஷன். தனியார் சேனல்கள் வந்த பிறகு பலர் மறந்தே போன சேனல் அது.

ஏப்ரல் 16 ராத்திரி எபிசோடை 7.7 கோடிப் பேர் பார்த்தார்கள், உலகிலேயே அதிகம் பார்க்கப்பட்ட பொழுதுபோக்கு நிகழ்ச்சி இதுதான் என்று டிடி அறிவித்தது. உலக சாதனை என்பது நிற்காது. அமெரிக்காவில் 1983-இல் ‘மேஷ்’ தொடரின் கடைசி எபிசோடைப் பத்துக் கோடிக்கு மேல் பார்த்ததாகக் கணக்கு இருக்கிறது. அந்தச் சாதனைப் பேச்சு தேவையே இல்லை என்பது என் எண்ணம். எடிட்மேசை சொன்ன பேங்க் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள். தனியார் சேனலிடம் எட்டு எபிசோடு, தூர்தர்ஷனிடம் முப்பது வருஷம். பழசைத் தூக்கிப் போடாமல் வைத்திருந்ததற்குக் கிடைத்த பலன் அது.


#7 பவானிக்கரை (கோபி)

ஆசிரியர் என்ற முறையில் ஒன்று சேர்க்கிறேன். யாரும் கல்வித் தொலைக்காட்சியைத் தொடவே இல்லை.

2019 ஆகஸ்ட் 26-இல் தொடங்கியது அது. கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் ஸ்டூடியோ. முதல் வருஷம் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 2020 ஜூலை நடுவில் பாடங்களை அதில் போடத் தொடங்கியதும், போன் இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அதுதான் பள்ளிக்கூடம். சில தனியார் சேனல்களும் பாடத்துக்கு நேரம் ஒதுக்கின. எங்கள் ஒன்றியப் பள்ளிகளுக்கு அட்டவணை வாட்ஸ்அப்பில் வரும், போன் இல்லாத வீட்டுக்கு நான் பேப்பரில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுப்பேன்.

ஒரு வீட்டில் நாலாவது படிக்கும் பையன், ஏழாவது படிக்கும் அக்கா. ஒரே டிவி. பையனுக்குப் பாடம் வரும் நேரத்தில் பாட்டியின் நாடகம். நான் போனபோது அந்தப் பிள்ளை டிவிக்கு ஓரடி தள்ளி, நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, நாடகம் முடியட்டும் என்று காத்திருக்கிறான். பாட்டியைக் குறை சொல்ல மாட்டேன், அவர் காலையிலிருந்து களை எடுத்துவிட்டு வந்து உட்கார்ந்தவர். என்ன செய்தார் தெரியுமா? மறுநாளிலிருந்து அந்த அரை மணி நேரம் அடுத்த வீட்டுத் திண்ணைக்குப் போய்விட்டார். பையனுக்கு மின்சாரம் இருந்த நாளெல்லாம் பாடம் கிடைத்தது.

ஆனால் டிவியிடம் கேள்வி கேட்க முடியாது. பின்னத்தில் கழித்தல் வந்த வாரம் அவன் எழுதி வைத்திருந்த கணக்கு அத்தனையும் தப்பு. தப்பு என்று சொல்ல அந்தப் பெட்டிக்குள் யாரும் இல்லை. அவன் நோட்டை நான் பார்த்தபோது பதினோரு பக்கம் ஓடியிருந்தது.


#8 எடிட்மேசை

திரும்பத் தொடங்கியதையும் சொல்லிவிடுகிறேன், அது இன்னும் யாரும் சரியாக எழுதாத கதை.

மே மாதம் தமிழக அரசு சின்னத்திரைக்கு முதலில் அனுமதி கொடுத்தபோது இருபது பேர்தான் இருக்கலாம் என்றார்கள். இருபது பேரில் சீரியல் எடுக்க முடியாது. கேமரா, லைட், மேக்கப், சாப்பாடு என்றே அவ்வளவு பேர் ஆகிவிடும், நடிகர்கள் எங்கே நிற்பது? பேசிக் கேட்ட பிறகு அறுபது ஆக்கினார்கள். தொடங்கிய சூட்டில் ஜூன் 19-இல் சென்னைக்கு மறுபடி முழு ஊரடங்கு. ஜூலை 8-இல் மீண்டும் தொடங்கியது.

முதல் நாள் ஃபுட்டேஜை மேசையில் போட்டுப் பார்த்தேன். எல்லாம் தனித்தனி க்ளோசப். சஜஷன் ஷாட் ஒன்றுகூட இல்லை. ஒருத்தர் தோள் மேலிருந்து இன்னொருத்தரைப் பார்க்கிற ஷாட் அது, இரண்டு பேர் நெருங்கி நிற்க வேண்டும். அம்மா மகளைத் தேற்றுகிற காட்சி. அம்மா இந்தப் பக்கம் அழுகிறார், மகள் அந்தப் பக்கம் அழுகிறாள். கண்ணீரைத் துடைக்க யாரும் இல்லை. டைரக்டர் போன் செய்து, “பழைய ஃபுட்டேஜில் ஒரு கை இருக்கா பாரு” என்றார். தேடினேன். 2019 தீபாவளி எபிசோடில் அந்த அம்மா கை மகள் கன்னத்தைத் துடைக்கிற ஒரு நொடி இருந்தது. புடவை நிறம் வேறு. விரல் மட்டும் தெரிகிற மாதிரி பெரிதாக்கி ஒட்டினேன். ஒளிபரப்பானபோது யாரும் கண்டுபிடிக்கவில்லை.

தாத்தா, பாட்டி வேடக்காரர்கள் நிலைமைதான் மோசம். 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் பத்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களும் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்பது அப்போதைய பொது வழிகாட்டுதல். சீரியலில் பாதிக் கதையே அவர்கள்தான். எழுத்தாளர்கள் எல்லோரையும் ‘ஊருக்கு’ அனுப்பினார்கள். கதாநாயகிகளில் பலர் பெங்களூரு, ஹைதராபாத், கேரளத்துக்காரர்கள், அவர்கள் வர இ-பாஸ் வேண்டும். வர முடியாத இடத்தில் ஆளை மாற்றினார்கள். ‘சித்தி 2’-லேயே பொன்வண்ணன் இடத்துக்கு நிழல்கள் ரவி வந்தார். சில சீரியல்களோ திரும்பி வரவே இல்லை. ‘அழகு’ அப்படியே நின்றது. முடிவு என்ன என்று கேட்டு எனக்கே உறவுக்காரர்கள் போன் செய்தார்கள்.


#9 நெல்லைச்சீமை

சுருக்கமாக இரண்டு விஷயம். தியேட்டர் மூடியிருந்ததால் அந்தத் தீபாவளிக்கு ‘நாங்க ரொம்ப பிசி’ படத்தை நேரடியாகச் சன் டிவியில் போட்டார்கள். படம் ஓடிடிக்குப் போனதைப் பற்றி எல்லோரும் பேசினார்கள், டிவிக்கு நேராக வந்ததை யாரும் நினைவில் வைக்கவில்லை.

இன்னொன்று, நவம்பர் கடைசியில் தூர்தர்ஷனின் தமிழ்ச் சேனலான பொதிகையிலும் தினம் பதினைந்து நிமிஷம் சமஸ்கிருதச் செய்தி போட வேண்டும் என்று உத்தரவு வந்து பெரிய எதிர்ப்பு கிளம்பியது. நான் பொதிகை பார்த்து வளர்ந்தவன். ஒரு மாநில மக்களுக்கான சேனலில் அந்த மக்கள் பேசாத மொழிக்கு நேரம் ஒதுக்கச் சொல்வதை அன்றும் ஏற்கவில்லை, இன்றும் ஏற்கவில்லை.


#10 எண்சுவடி

எடிட்மேசை எழுதிய அந்தக் கையை நான் மறக்கமாட்டேன்.

காசுக் கணக்கையும் போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் படம் முழுதாகாது. ஃபிக்கி என்ற தொழில்துறைக் கூட்டமைப்பும் இஒய் நிறுவனமும் சேர்ந்து வெளியிட்ட அறிக்கைப்படி இந்தியத் தொலைக்காட்சித் துறையின் வருமானம் 2019-இல் 78,700 கோடி ரூபாய், 2020-இல் 68,500 கோடி. விளம்பர வருமானம் மட்டும் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் விழுந்தது. வினோதம் என்னவென்றால், ஊரடங்கின் முதல் வாரங்களில் பார்க்கும் நேரம் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறியிருந்தது. ஜனங்கள் டிவி முன்னால் உட்கார்ந்த நேரத்தில் விற்க எவனிடமும் சரக்கு இல்லை. சோப்பும் கைகழுவும் திரவமும் தவிர ஏப்ரலில் எதற்கு விளம்பரம் வந்தது, யோசித்துப் பாருங்கள்.

பணம் திரும்பியது செப்டம்பர் 19-க்கு அப்புறம். ஐபிஎல் அமீரகத்தில் நடந்தது, ஆள் இல்லாத மைதானத்துக்கு ரெக்கார்டு செய்த ஆரவாரத்தைச் சேர்த்தார்கள். ஆட்டத்தை எட்டு மணிக்குப் பதில் ஏழரைக்குத் தொடங்கினார்கள். சீரியலின் நல்ல நேரத்தில் நேராக வந்து மோதியது. அக்டோபர் 4-இல் பிக் பாஸ், அதுவும் வழக்கமான ஜூனை விட்டு நாலு மாதம் தள்ளி. எல்லாம் ஒரே நேரத்தில்.


#11 வாசல்திண்ணை

அந்த அக்டோபரில்தான் ‘பாரதி கண்ணம்மா’வில் கண்ணம்மா பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், ஊரே மீம் போட்டது. வீட்டை விட்டு வெளியேறிய கர்ப்பிணிப் பெண்ணின் நடையை அத்தை மீமாகப் பார்க்கவில்லை. “செருப்பு தேஞ்சிருக்குமே” என்றுதான் கேட்டார்.

டிசம்பர் 9 பற்றி மலைக்கோட்டை அண்ணா ஒரு வரியில் எழுதியிருந்தார், சரி. சித்ராவின் மரணத்தை ஆராய இங்கே யாருக்கும் உரிமையில்லை. 28 வயது. ‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ முல்லையாக எங்கள் வீட்டு ஹாலில் தினமும் இருந்த பெண். அத்தை இரண்டு நாள் டிவியே போட வேண்டாம் என்றார். செய்திச் சேனலில் அந்தப் பெண்ணின் சொந்த வாழ்க்கையைப் பிரித்துப் பிரித்துக் காட்டியதை அவரால் தாங்க முடியவில்லை. நம்பரே வராத மாதங்கள் அவை என்று எண்சுவடி சொன்ன பிறகு எனக்கு இன்னும் வலிக்கிறது. யாருக்காக அப்படிக் காட்டினார்கள்?

சில வாரத்தில் வேறு நடிகை முல்லையாக வந்தார். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை, நன்றாகவே நடித்தார். ஆனால் மார்ச்சில் நாடு முழுக்க நாலு மாதம் நிற்க முடிந்த ஒன்று, ஒரு பெண்ணுக்காக ஒரு வாரம் நின்றிருக்கலாம் என்று எனக்குத் தோன்றியது.


#12 மலைக்கோட்டை

அக்கா எழுதியதற்குப் பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

எண்சுவடி, உங்கள் வாதத்தில் பாதியை ஏற்கிறேன். வியாழக்கிழமை நம்பர் இருப்பதால்தான் பேங்க் எட்டு. பேங்க் எட்டாக இருந்ததால்தான் இரண்டு வாரத்தில் எல்லாம் தீர்ந்தது. ஆக, மார்ச் 19-உம் அக்டோபர் 8-உம் ஒரே கயிற்றின் இரண்டு முனை. தனித்தனி நிகழ்ச்சியாக நான் தாளில் எழுதியதே சரியில்லை.

எடிட்மேசை தம்பி, ஒன்றே ஒன்று கேட்கிறேன். 2020 பட்ட பாட்டுக்கு அப்புறம் பேங்க் கூடியதா?


#13 எடிட்மேசை

ஆகஸ்ட், செப்டம்பரில் கூடியது அண்ணா. பயத்தில் இருபது, இருபத்தைந்து வரை எடுத்து வைத்தோம். ஐபிஎல் வந்ததும் நம்பர் ஆடத் தொடங்கியது, கதையை மாற்று என்று போன் வந்தது. எடுத்து வைத்ததில் ஆறு எபிசோடைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தார்கள். அந்தச் செலவுக்கு அப்புறம் யாரும் சேர்த்து வைக்கவில்லை.

2021 மே 10-இல் மறுபடி முழு ஊரடங்கு, மறுபடி ஷூட்டிங் நின்றது. அன்றைக்கு எங்கள் கையில் இருந்தது ஏழு.


#14 வாசல்திண்ணை

அந்த மே மாதத்துக்குள் நான் தினசரிக் காலண்டர் அட்டையில் மாத்திரை நேரத்தைப் பெரிய எழுத்தில் எழுதி டிவிக்கு மேலேயே மாட்டிவிட்டேன். அத்தை இப்போதும் அதைப் பார்ப்பதில்லை. நாடகம் முடிந்ததும்தான் டப்பாவைத் திறக்கிறார்.